கரி கண்ட சீமை – 7: மெக்டவலின் தலைக்கணக்கு

சென்ற அத்தியாயம் பிளேர் மலைப் போரோடு நின்றது. 1921 ஆகஸ்டு இறுதியில் சுமார் பத்தாயிரம் நிலக்கரித் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தி லோகன் கவுண்டியின் மலையேறினார்கள். அமெரிக்க ராணுவம் வந்து இறங்கிய பிறகுதான் கலைந்தார்கள். அவர்களைக் கொதித்தெழ வைத்த இரட்டைக் கொலை அதே மாதம் முதல் தேதி, வெல்ச் என்ற மலையூரின் நீதிமன்றப் படிக்கட்டில் நடந்தது. பட்டப்பகலில், நீதிமன்ற வாசலில், கையில் ஆயுதம் இல்லாத இருவரைச் சுட்டுக் கொல்லும் துணிச்சல் எப்படி வந்தது? அந்தச் சீமையின் நிலம் யார் கையில் இருந்தது, அங்கே குடியிருந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் விடை தானே கிடைக்கும். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு கவுண்டியின் கதை. அதன் பெயர் மெக்டவல்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது மெக்டவல். கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பரப்பளவு சுமார் 535 சதுர மைல்தான், அதாவது ஏறக்குறைய 1,385 சதுர கிலோமீட்டர். ஷெரிப், வரி மதிப்பீட்டாளர், கவுண்டி ஆணையர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். சுரங்க முதலாளிகள் இந்தப் பதவிகள் மீது எப்போதும் ஒரு கண் வைத்திருந்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த மலைகளுக்குப் பெரிய உயரம் கிடையாது. வெல்ச் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடியில் இருக்கிறது. ஆனால் உயரத்தில் கிடைத்த சலுகையை அமைப்பில் இயற்கை பறித்துக்கொண்டது. ஒரு காலத்தில் இது பீடபூமி. கோடானுகோடி ஆண்டு மழையும் ஓடையும் அதை, அடைமழை அறுத்த களிமண் மேட்டைப் போல, ஆயிரம் பிளவுகளாக அறுத்துப் போட்டுவிட்டன. எங்கு திரும்பினாலும் செங்குத்தான சரிவு. சரிவுக்கு அடியில் ஓர் ஓடை. ஓடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதளம். எல்க்ஹார்ன் ஓடை, டக் ஃபோர்க், டிரை ஃபோர்க் ஆகியவைதான் முக்கிய நீரோட்டங்கள். எல்க்ஹார்ன் வெல்ச்சில் டக் ஃபோர்க்கோடு கலக்கிறது. டக் ஃபோர்க் வடமேற்கே ஓடி பிக் சாண்டி ஆற்றில் சேர்ந்து, ஒஹாயோ வழியாக மிசிசிப்பிக்குப் போகிறது. வீடு, கடை, பள்ளி, தார்ச்சாலை, ரயில் தண்டவாளம் எல்லாம் அந்த ஓடைக்கரைப் பட்டையில்தான் நெருக்கியடித்து இருந்தாக வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் போவதும் அந்தப் பட்டைதான்.

இப்படிப்பட்ட இடத்தில் பெருங்கூட்டம் குடியேற முகாந்திரமே இல்லை. நூற்றாண்டுகளாக இது ஷானி, செரோக்கி மக்களின் வேட்டைக்காடு. பின்னால் வந்த வெள்ளையர்கள் மரக்கட்டை வீடு கட்டி, சரிவில் சோளம் போட்டு, பன்றிகளைக் காட்டில் மேயவிட்டு, ஜின்செங் வேர் தோண்டி விற்றுப் பிழைத்தார்கள். 1858-இல் வர்ஜீனியா மாநிலத்தின் டேஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து இதைத் தனிக் கவுண்டியாக்கினார்கள். வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் மெக்டவலின் பெயரைச் சூட்டினார்கள். இரண்டே ஆண்டில் வந்த 1860 கணக்கெடுப்பில் தலைகள் 1,535. உள்நாட்டுப் போரின் நடுவே 1863-இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்தபோது மெக்டவலும் அதோடு போனது. 1880-இல்கூட இங்கே இருந்தவர்கள் 3,074 பேர்தான். இருபது ஆண்டில் இரட்டிப்பு என்றாலும், 535 சதுர மைலுக்கு அது ஒன்றுமேயில்லை.

அவர்களுடைய காலடியில் உலகின் மிகச் சிறந்த நிலக்கரிகளில் ஒன்று கிடந்தது. போகஹாண்டஸ் மூன்றாம் எண் அடுக்கு என்று பெயர். எரிந்தால் புகை குறைவு, வெப்பம் அதிகம். போர்க்கப்பல்கள் தொலைவிலேயே புகையால் காட்டிக்கொடுக்கப்பட்ட காலத்தில் கடற்படைகள் இந்தக் கரியைத் தேடி வாங்கின. சூளையில் சுட்டுக் கற்கரியாக்கினால் இரும்பு உருக்கவும் முதல் தரம். இன்னொரு வசதி, ஓடைகள் மலையை அறுத்த இடங்களில் இந்த அடுக்கு சரிவின் பக்கவாட்டிலேயே கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. கிணறு போல இறங்க வேண்டாம். மலையின் விலாவில் நேராகக் குடைந்துகொண்டு உள்ளே போகலாம். குடியேற்றத்துக்குத் தடையாக நின்ற அதே ஓடைப்பிளவுகள் சுரங்கக்காரனுக்குக் கதவைத் திறந்துவைத்திருந்தன.

இதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் ஐசையா வெல்ச். தென் மாநிலங்களின் படையில் கேப்டனாக இருந்தவர். 'ஸ்டோன்வால்' ஜாக்சனின் படைக்கு வரைபடம் வரைந்து புகழ்பெற்ற ஜெடிடையா ஹாட்ச்கிஸ் அவரை 1873-இல் இந்த மலைகளுக்குள் அனுப்பினார். வெல்ச் கண்டு சொன்னதை ஹாட்ச்கிஸ் பணம் படைத்தவர்களின் காதுகளுக்குக் கொண்டுபோனார். நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் ஃபிரெடரிக் கிம்பால் 1881-இல் தாமே வந்து பார்த்தார். 1883-இல் எல்லைக்கு அப்பால், வர்ஜீனியாவின் போகஹாண்டஸ் ஊரிலிருந்து முதல் கரி வண்டி புறப்பட்டது. நடுவே நின்ற மலையைக் குடைந்து 1888-இல் எல்க்ஹார்ன் ரயில் குகையை முடித்ததும் மெக்டவலுக்குள் தண்டவாளம் நுழைந்தது. இந்தக் கவுண்டியின் வரலாற்றில் 1888-க்கு முன், 1888-க்குப் பின் என்று இரண்டே காலகட்டங்கள்தான் என்பேன்.

ஆனால் ரயில் வருவதற்கு முன்பே ஒரு காரியம் முடிந்துவிட்டிருந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் அதில்தான் இருப்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் முதலீட்டாளர்களுக்காகத் தரகர்கள் மலைகளில் ஏறி இறங்கி, குடியானவர்களிடமிருந்து நிலத்தையோ நிலத்தடிக் கனிமத்தின் உரிமையையோ மலிவு விலைக்கு எழுதி வாங்கினார்கள். மேல்மண் ஒருவனுக்கு, அடியில் இருப்பது வேறொருவனுக்கு என்று பத்திரம் எழுதும் வழக்கம் அங்கே சட்டப்படி செல்லும். எழுதிக் கொடுத்தவர்கள் பலருக்கு அடியில் இருப்பதன் விலை தெரியாது. இப்படிச் சேர்ந்த நிலம் ஃபிளாட் டாப் கோல் லேண்ட் அசோசியேஷன் என்ற அமைப்பின் கைக்குப் போனது. மெக்டவலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுமாக ஏறக்குறைய மூன்று லட்சம் ஏக்கர். 1901-இல் அதை அப்படியே ரயில்வே வாங்கியது. கரியை ஏற்றிச் செல்லும் தண்டவாளத்துக்கும் கரி கிடக்கும் நிலத்துக்கும் ஒரே எசமான். சுரங்கம் நடத்தும் கம்பெனிகள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள்தாம். டன்னுக்கு இவ்வளவு என்று நிலக்காரருக்கு அளந்துவிட்டுத் தோண்டினார்கள். வெட்டுபவனுக்கு நிலத்தில் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லும். கவுண்டியின் தலைமையிடம் 1892-இல் பெர்ரிவில்லிலிருந்து, கரி அளந்த வெல்ச் கேப்டனின் பெயரைத் தாங்கிய ஊருக்கு மாறியது. ரயில்வேயின் கிம்பால் பெயரில் ஓர் ஊர். யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை நடத்திய எல்பர்ட் கேரியின் பெயரில் கேரி. அந்த நிறுவனத்தின் கிளை 1902 முதல் அங்கே சுரங்கங்களையும் அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகளையும் வரிசையாக எழுப்பியது. அதே மனிதரின் பெயரில் இண்டியானாவில் எழுந்த எஃகு நகரத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கேரியில் கரி, இன்னொரு கேரியில் எஃகு.

இனி தலைக்கணக்கைப் பாருங்கள். 1890-இல் 7,300. 1900-இல் 18,747. 1910-இல் 47,856. 1920-இல் 68,571. 1930-இல் 90,479. உள்ளூர்ப் பிறப்பால் வந்த பெருக்கம் அல்ல இது. கம்பெனிகள் ஆள் அனுப்பி, ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அழைத்து வந்த கூட்டம். வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமா போன்ற தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். இத்தாலியர், ஹங்கேரியர், போலந்துக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிய கையோடு இங்கே அனுப்பப்பட்டார்கள். பக்கத்து மலைகளின் வெள்ளைக் குடியானவர்களும் ஏரை விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று கூட்டத்தாரும் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்துவிடக் கூடாது என்ற கணக்கும் இந்தக் கலவையில் இருந்தது. குடியிருப்புகளில் கறுப்பினத்தாருக்கு ஒரு வரிசை, வெளிநாட்டாருக்கு ஒரு வரிசை, அமெரிக்க வெள்ளையருக்கு ஒரு வரிசை என்று பிரித்து வைத்தார்கள்.

சுரங்கத்துக்குள் ஒருவனுடைய நாள் எப்படிப் போனது? கரி ஏற்றுபவனுக்குச் சம்பளம் மணிக்கணக்கில் இல்லை, டன் கணக்கில். விடியுமுன் உள்ளே போய், தனக்கென்று ஒதுக்கிய அறையில் பிக்காசால் கரிச்சுவரின் அடிப்பாகத்தைக் குடைவான். பிறகு துளை போட்டு, வெடிமருந்து திணித்து வெடிப்பான். சரிந்த கரியைச் சவளால் வாரி வண்டியில் நிரப்புவான். வண்டி யாருடையது என்று தெரிய, தன் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லையை அதில் மாட்டிவிடுவான். வெளியே எடைபோடும் கம்பெனி ஆள் அந்த வில்லையைப் பார்த்து அவன் பேரில் வரவு எழுதுவார். எடைக்காரர் குறைத்து எழுதினால் கேட்க நாதியில்லை. கரியில் கல் கலந்திருக்கிறது என்று வண்டியையே கழித்துக்கட்டுவதும் உண்டு. வெடிமருந்து, விளக்குக் கார்பைடு, கருவிகள் எல்லாம் அவன் சொந்தச் செலவு. கூரை இடியாமல் முட்டுக்கட்டை கொடுப்பது, விழுந்த கல்லை அப்புறப்படுத்துவது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் கூலியே கிடையாது. கூலி இல்லாததால் முட்டுக்கொடுப்பதைத் தள்ளிப்போட்டவன் கூரைக்கல்லுக்குப் பலியானான். செய்தித்தாளில் பெரிதாக வந்தது வெடிவிபத்துகள்தான். ஆனால் ஒருவர் இருவராக அதிகம் பேரைக் கொன்றது மேலிருந்து விழுந்த கல்தான்.

வெடிவிபத்துகளும் குறைவில்லை. ஸ்விட்ச்பேக்கில் உள்ள லிக் பிராஞ்ச் சுரங்கம் 1908 டிசம்பர் 29 அன்று வெடித்து 50 பேர் செத்தார்கள். சரியாக இரண்டே வாரத்தில், 1909 ஜனவரி 12 அன்று அதே சுரங்கம் மறுபடி வெடித்து 67 பேர் போனார்கள். முதல் விபத்துக்குப் பிறகு அத்தனை சீக்கிரம் ஆட்களை உள்ளே அனுப்பியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 1940 ஜனவரி 10 அன்று பார்ட்லியில் 91 பேர்.

வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். கம்பெனிக் கடையில் செல்லும் தகர, பித்தளைக் காசுகளை ஒவ்வொரு கம்பெனியும் தானே அடித்தது. சம்பள நாளுக்கு முன் பணம் வேண்டுமென்றால் அந்தக் காசுதான் கிடைக்கும். அதைக் கொண்டு வேறு கடையில் வாங்க முடியாது. மருத்துவர், பள்ளி, தேவாலயம், கல்லறை எல்லாவற்றிலும் கம்பெனியின் கை இருந்தது. முதலாளிகள் பலர் மெக்டவலில் குடியிருக்கவும் இல்லை. எல்லைக்கு அப்பால், மெர்சர் கவுண்டியின் பிராம்வெல்லில் அவர்கள் கட்டிய மாளிகைகளை இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு இருட்டிலும் மெக்டவலில் ஒரு வெளிச்சம் இருந்தது. அமெரிக்க வரலாற்று நூல்களில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். எல்லைக்கு அப்பால் வர்ஜீனியாவில் 1902 அரசியல் சாசனம் தேர்தல் வரி முதலிய தந்திரங்களால் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் அது பறிக்கப்படவில்லை. பள்ளிகள் தனித்தனி, அதை 1872-ஆம் ஆண்டின் மாநில சாசனமே கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் ஓட்டு உண்டு. டன் கூலியும் எல்லோருக்கும் ஒன்று. 1910-இல் மெக்டவலில் பத்துக்கு மூன்று பேர் கறுப்பினத்தார். அவர்களுடைய ஓட்டு இல்லாமல் அங்கே யாரும் ஜெயிக்க முடியாது என்ற நிலை வந்தது. கீஸ்டோன் ஊரிலிருந்து 1904 முதல் 'மெக்டவல் டைம்ஸ்' பத்திரிகையை நடத்திய எம்.டி. விட்டிகோ, தம் கவுண்டியை 'மெக்டவல் சுதந்திர நாடு' என்றே எழுதிவந்தார். ஒவ்வொரு பதவியிலும் தம் மக்களுக்கு உரிய பங்கைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தவர் அவர்.

பலன் கிடைத்தது. 1918-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான மூன்று கறுப்பினத்தவரில் ஒருவர் மெக்டவலின் வழக்கறிஞர் ஹாரி கேப்ஹார்ட். கூட்டுக்கொலைக்கு எதிராக 1921-இல் மாநிலம் இயற்றிய சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. வாஷிங்டனில் கூட்டாட்சி அரசு அப்படி ஒரு சட்டத்தை இயற்ற அதற்குப் பின் நூறாண்டு பிடித்தது. 1928 ஜனவரியில் சட்டமன்ற உறுப்பினர் ஹார்ப்பர் இறந்தபோது, அவருடைய மனைவி மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பரை ஆளுநர் அந்த இடத்துக்கு நியமித்தார். அமெரிக்காவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் இந்த மெக்டவல்காரிதான். அதே ஆண்டு கிம்பாலில், முதல் உலகப் போரில் பங்கெடுத்த கறுப்பின வீரர்களுக்கு நினைவு மண்டபம் எழுந்தது. தூண்கள் நிறுத்திய முகப்பு, உள்ளே கூட்ட அரங்கு. 1991-இல் தீயில் வெந்து வெறும் சுவராக நின்ற அதைப் பின்னர் பழையபடி கட்டி எழுப்பினார்கள். இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புள்ளவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஓட்டுரிமை இருந்த இடத்தில் சங்க உரிமை மட்டும் இல்லை. ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை மெக்டவலுக்குள் விடுவதில்லை என்று கம்பெனிகள் உறுதியாக இருந்தன. பால்டுவின்–ஃபெல்ட்ஸ் துப்பறியும் நிறுவனத்தின் கூலி ஆட்கள் ரயில் நிலையத்திலேயே புதுமுகங்களைச் சோதித்தார்கள். 1920 மே 19 அன்று பக்கத்து மிங்கோ கவுண்டியின் மேட்வானில் இந்த ஆட்களை எதிர்த்து நின்ற காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டைச் சென்ற அத்தியாயத்தில் சந்தித்தீர்கள். மிங்கோவில் அவரைத் தண்டிக்க ஜூரிகள் மறுத்துவிட்டார்கள். ஆகவே மெக்டவலின் மோஹாக் சுரங்க முகாமில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூடு தொடர்பாக வழக்குப் போட்டு அவரை வெல்ச்சுக்கு வரவழைத்தார்கள். ஆகஸ்டு 1 அன்று அவரும் நண்பர் எட் சேம்பர்ஸும் மனைவியரோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். ஆயுதம் எடுத்துவரவில்லை. நீதிமன்றத்தின் கல்படிகளில் ஏறிக்கொண்டிருக்கையில் மேலே நின்ற பால்டுவின்–ஃபெல்ட்ஸ் ஆட்கள் சுட்டார்கள். ஹாட்ஃபீல்ட் அங்கேயே விழுந்து செத்தார். சேம்பர்ஸ் படியில் உருண்டு கிடந்தார். அவர் மனைவி குடையால் அடித்துத் தடுக்கத் தடுக்க, சி.இ. லைவ்லி என்ற ஆள் நெருங்கி வந்து தலையில் சுட்டான். தற்காப்புக்காகச் சுட்டோம் என்று சொன்னார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. மெக்டவலில் நீதிமன்றம் யார் வீட்டுத் திண்ணை என்பது மலைநாடு முழுக்கத் தெரிந்துபோனது. அந்த மாதக் கடைசியில் பிளேர் மலை எரிந்தது.

சங்கம் 1933-இல்தான் உள்ளே வந்தது, ரூஸ்வெல்ட்டின் புதிய தொழில் சட்டம் கதவைத் திறந்துவிட்ட பிறகு. கூலி உயர்ந்தது, எடைக்குச் சங்கத்தின் ஆள் சாட்சி நின்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கரிக்குக் கேட்ட விலை. அமெரிக்காவில் அதிகக் கரி எடுக்கும் கவுண்டி என்ற பெயர் மெக்டவலுக்கு நெடுங்காலம் இருந்தது. வெல்ச் தன்னை நாட்டின் கரிக் களஞ்சியத்தின் இதயம் என்று சொல்லிக்கொண்டது. கார் நிறுத்த இடமில்லாமல் 1941-இல் நகராட்சியே ஒரு கார் நிறுத்தக் கட்டடம் கட்டியது. நகராட்சி சொந்தமாகக் கட்டிய அத்தகைய கட்டடம் அமெரிக்காவிலேயே அதுதான் முதல். 1950 கணக்கெடுப்பில் மெக்டவலின் தலைக்கணக்கு 98,887. ஒரு லட்சத்துக்கு 1,113 பேர்தான் குறைவு.

உச்சி அதுதான். அதே 1950-இல் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். இருக்கிற வேலைக்கு நல்ல கூலி, ஓய்வூதியம், மருத்துவம். அதற்குப் பதிலாக எந்திரங்களைச் சங்கம் தடுக்காது. வெட்டவும் வாரவும் ஒரே எந்திரம் வந்துவிட்டது. அதை ஓட்டும் ஒருவனும் சில உதவியாட்களும் பத்துப் பதினைந்து பேர் வேலையைச் செய்தார்கள். சவளால் கரி ஏற்றுவதற்கென்று அதிகம் வைக்கப்பட்டிருந்தவர்கள் கறுப்பினத்தார். எந்திரம் விழுங்கியது அந்த வேலையைத்தான். ஆகவே முதலில் மூட்டை கட்டியவர்களும் அவர்களே. விட்டிகோவின் சுதந்திர நாடு கிளீவ்லாந்துக்கும் டெட்ராய்ட்டுக்கும் பஸ் ஏறியது. 1960-இல் 71,359. 1970-இல் 50,666. இருபது ஆண்டில் ஏறக்குறைய பாதிச் சனம் காலி. பிறந்த குழந்தைகளையும் சேர்த்தால் ஊரை விட்டுப் போனவர்களின் தொகை இந்தக் கழித்தல் கணக்கைவிடப் பெரிது.

லூயிஸின் முடிவு சரியா தவறா என்று இன்றும் அங்கே வாதம் நடக்கிறது. தொழில் முழுதாக அழிவதைவிடச் சிலராவது நன்றாகப் பிழைக்கட்டும் என்பது அவர் கணக்கு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. வேலையிழப்பவர்களுக்கு என்ன வழி என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடப் பொருட்படுத்தாமல் சங்கம் கையெழுத்திட்டிருக்கக் கூடாது.

1960 வசந்தத்தில் வேட்பாளர் தேர்தலுக்காக ஓட்டுக் கேட்டு வந்த ஜான் கென்னடி இந்த ஓடைக்கரைகளில் பட்டினியைக் கண்ணால் பார்த்தார். பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21 அன்று, அவர் இட்ட முதல் ஆணை ஏழைகளுக்கான உணவு ஒதுக்கீட்டை அதிகப்படுத்துவது. மே 29 அன்று வெல்ச்சில் விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் முன்னிலையில் புதிய திட்டத்தின் முதல் உணவுக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. 15 பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்புள்ள கூப்பன். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் பயன்படுத்தும் உணவு உதவித் திட்டம் தொடங்கிய ஊர் இதுதான். கரிக் களஞ்சியம் எனப்பட்ட ஊர், பத்தாண்டு இடைவெளியில்.

ஆட்கள் குறைந்தாலும் ஊர்களின் உயிர் உடனே அடங்கிவிடவில்லை. கோல்வுட்டில் 1957-இல் ஸ்புட்னிக்கைப் பார்த்து ராக்கெட் செய்யக் கிளம்பிய சிறுவன் ஹோமர் ஹிக்கம் பின்னர் நாசா பொறியாளரானார். அவர் எழுதிய நினைவுநூல்தான் 1999-இல் 'அக்டோபர் ஸ்கை' என்ற படமாக வந்தது. நார்த்ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணி 1974 முதல் 1981 வரை எட்டு ஆண்டும் தொடர்ந்து மாநில வாகை சூடியது. அத்தனை சிறிய ஊரின் பிள்ளைகள். அந்தப் பள்ளியும் 1985-இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டு மூடப்பட்டது. எண்ணெய் நெருக்கடியால் எழுபதுகளில் கரிக்கு மறுபடி கிராக்கி வந்ததால் 1980 கணக்கு 49,899-இல் நின்றது. அதற்குள் அமெரிக்க எஃகுத் தொழில் படுத்துவிட்டது. 1986-இல் யு.எஸ். ஸ்டீல் கேரியின் சுரங்கங்களை மூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மூச்சில் வேலையிழந்தார்கள். விற்க நினைத்த வீட்டுக்கு வாங்க ஆளில்லை. 1990-இல் 35,233.

பிறகு நடந்ததை நீட்டி எழுதக் கை வரவில்லை. 2001 ஜூலையிலும் 2002 மே மாதத்திலும் அடுத்தடுத்து வெள்ளம். பல ஊர்களின் கடைவீதியே போயிற்று. வலிநிவாரணி மாத்திரைகளின் போதை இளைஞர்களைத் தின்றது. ஆண்களின் சராசரி ஆயுள் நாட்டிலேயே மிகக் குறைவான கவுண்டிகளில் இதுவும் ஒன்றானது. கம்பெனிகள் போட்டுவிட்டுப் போன தண்ணீர்க் குழாய்கள் துருப்பிடித்து, பல இடங்களில் மக்கள் சாலையோர ஊற்றில் கேனில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிம்பாலிலிருந்த வால்மார்ட் கடை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில் மறுபடி பெருவெள்ளம், மறுபடி உயிர்ப்பலி.

இத்தனை செல்வம் வெட்டிய ஊரில் குழாய் மாற்றக் காசில்லாதது எப்படி? அப்பலாச்சிய மலைநாட்டின் 80 கவுண்டிகளில் நில ஆவணங்களைப் புரட்டிப் பார்த்த ஆய்வுக் குழு 1981-இல் சொன்ன விடை தெளிவானது. நிலமும் கனிமமும் பெரும்பாலும் வெளியூர் உடைமை. அதற்கு அவர்கள் கட்டும் வரி அற்பம். மெக்டவலில் அது 1880-களின் பத்திரங்களோடு தொடங்கியது. சோம்பேறித்தனம், குடி, படிப்பின்மை என்று மலைவாசிகளின் மீதே பழியைப் போட்டு அமெரிக்காவில் எழுதப்பட்ட புத்தகங்கள் ஏராளம். பத்திரப்பதிவு அலுவலகத்தின் ஏடுகளைப் படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

இன்று காட்டுப் பாதைகளில் நாற்சக்கர மோட்டார் வண்டி ஓட்டும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். பழைய கம்பெனி வீடுகள் சில அவர்களுக்குத் தங்கும் விடுதிகளாயின. வெளியூர் ஆசிரியர்கள் வந்து தங்குவதற்கென்றே ஆசிரியர் சங்கத்தின் முயற்சியில் வெல்ச்சில் ஓர் அடுக்குமாடி எழுந்திருக்கிறது. வேலை கொடுக்கும் இடங்களில் கூட்டாட்சிச் சிறையும் ஒன்று. கரி இன்னும் வெட்டப்படுகிறது, எஃகாலைகளுக்காக. ஆனால் முன்னைவிட மிகக் குறைந்த ஆட்களைக் கொண்டு.

2020 கணக்கெடுப்பில் மெக்டவலின் தலைக்கணக்கு 19,111. 1900-இல் இருந்த 18,747-க்குக் கிட்டத்தட்ட அதே எண். சிறைக்கைதிகளை அவர்கள் அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணுவது அமெரிக்கக் கணக்கெடுப்பின் விதி. ஆகவே அந்த 19,111-இல் வெல்ச் அருகே சிறையில் இருப்பவர்களும் சேர்த்தி.

(தொடரும்)